கையில் இல்லாத கல்

கோ என்கிற ஜப்பானியப் பலகை விளையாட்டில் வைத்த கல்லைத் திரும்ப எடுக்க முடியாது. சதுரங்கம் என்றால் குதிரையை ஓடவிடலாம், ராணியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம். இதில் அந்த வசதியெல்லாம் கிடையாது. கோடும் கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் கல்லை வைத்து விரலை எடுத்தால் முடிந்தது கதை. எதிராளி சுற்றி வளைத்துப் பிடித்தாலொழிய அது அங்கேயேதான் கிடக்கும். ஒருவருக்குக் கறுப்பு, ஒருவருக்கு வெள்ளை. யார் அதிக இடத்தை வளைத்தார்களோ அவர்களுக்கு ஜெயம். சொல்லிக்கொடுக்க ஒரு காபி குடிக்கிற நேரம் போதும். அதற்கப்புறம் தூக்கம் போய்விடும்.

விரல் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்களுக்குக் கல் வைப்பது ஒரு வேலையா? எனக்கு என் விரல் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஒரு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்கு மகளோடு வந்தது. காலேஜில் பழகிக்கொண்டு பலகையும் இரண்டு கிண்ணம் கல்லும் வாங்கி வந்தாள். வேலை கிடைத்துப் புனேவுக்குப் போகும்போது ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, என்னுடைய நல்ல குக்கர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனவள், இதை மட்டும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனாள். "நீங்க ரெண்டு பேரும் கேலோ மா, போர் அடிக்காது" என்றாள். டெல்லியில் பிறந்தவள், விளையாடுங்கள் என்பதுகூட இந்தியில்தான் வரும், அவள் தமிழ் அப்படித்தான். சரி, பிள்ளை சொல்லிவிட்டதே என்று நானும் என் வீட்டுக்காரரும் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் கட்டில் மேல் பலகையைப் போட்டு ஆரம்பித்தோம். டி.வி. ஒரு பக்கம் ஓடும். நடுவில் நான் எழுந்துபோய்க் குழம்பைக் கிண்டிவிட்டு வருவேன். அவர் அந்த நேரத்தில் கல்லை நகர்த்திவைத்து மாட்டிக்கொள்வார். இப்படித்தான் பழகினோம்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காபி கடை மாடியில் கூடுகிறவர்களோடு சேர்ந்தோம். காலையில் கோயிலில் தமிழ் ஆராதனை, மத்தியானம் கோ. அங்கே எல்லாரும் எங்கள் மகள் வயசுப் பிள்ளைகள். ஆன்ட்டிஜி, அங்கிள்ஜி என்று உயிரை விடுவார்கள், பலகையில் உட்கார்ந்தால் ஈவிரக்கம் பார்க்க மாட்டார்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எண்ணிப் பார்க்கிற புத்தி கொஞ்சம் உண்டு, அதனால் தாக்குப்பிடித்தேன். இவர் ஆபீஸில் கோப்பு பார்க்கிற மாதிரியே இதையும் பார்ப்பார். ஒரு கல் வைக்க ஒரு யுகம்.

இவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதிராளி யோசிக்கும்போது கிண்ணத்துக்குள் கையை விட்டுக் கல்லைக் கலகலவென்று உருட்டிக்கொண்டே இருப்பார். கோ ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். அந்த இடத்தை நடத்துகிற பெண் கொஞ்சம் கறார் பேர்வழி. எதிராளியின் முறை வந்தால் கை கிண்ணத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சட்டம் போட்டுவிட்டாள். இவரும் நல்ல பிள்ளையாகக் கையை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டார். ஆனால் விரல் நின்றால்தானே? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கல் இருப்பதாகவே நினைத்து உருட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். அங்கிள் கையில் கண்ணுக்குத் தெரியாத கல் இருக்கிறது என்று இந்தியில் சொன்னாள். அன்றிலிருந்து அங்கே அது ஒரு கேலிப் பேச்சு. யாராவது தோற்றால், "அங்கிள், உங்க கல்லைக் கொஞ்சம் கடன் குடுங்க" என்பார்கள். இவரும் கொடுப்பது மாதிரி கையை நீட்டுவார்.

எனக்குச் சிரிப்பு வராது. வீட்டிலும் இதே கதை. டி.வி. பார்க்கும்போது உருட்டல், செய்தித்தாள் படிக்கும்போது உருட்டல். ஒருநாள் ராத்திரி ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், மடியில் கிடக்கிற கையில் விரல் ஓடுகிறது. ஆமென் சொன்ன கையோடு பிடித்துக்கொண்டேன்.

"ஜெபத்துல கூடவா உருட்டுதிய? கர்த்தர் என்ன உங்க கூட கோ ஆடவா வந்திருக்காரு?"

"கை தானா போகுதுட்டி" என்றார். "பழக்கதோஷம்."

நல்ல பழக்கம், நல்ல தோஷம்.

இனி என் கதைக்கு வருகிறேன். போன ஜனவரியில் ஒரு காலேஜ் ஹாலில் போட்டி வைத்தார்கள். நான் முதல் முதலாகக் கலந்துகொண்ட போட்டி. பனி மூட்டத்தில் எதிர்ச் சுவர்கூடத் தெரியாத மாதிரி ஒரு காலை. பக்கத்தில் ஒரு கடிகாரம் வைத்திருந்தார்கள். கல்லை வைத்துவிட்டு அதைத் தட்ட வேண்டும், தட்டினால் எதிராளியின் நேரம் ஓட ஆரம்பிக்கும். கையிருப்பு நேரம் தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு கல்லுக்கும் அரை நிமிஷம்தான். கடைசி நொடிகளில் அது கீச்சுக் கீச்சென்று கத்தும். தவறினால் ஆட்டமே போச்சு. எதிரே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு வாலிபர். நான்தான் நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன், சும்மா சொல்லக்கூடாது. ஒரு மூலையில் அவருடைய கற்கள் மொத்தமும் என் வலைக்குள் வந்துவிட்டன. ஒரே ஒரு கல் வைத்தால் தீர்ந்தது. கடிகாரம் கத்துகிறது. கல்லை எடுத்துக்கொண்டு போகிறேன், என் கை நடுங்குகிறது. லேசாக அல்ல, வெடவெடவென்று. கல் விரலிலிருந்து நழுவி ஒரு கோடு தள்ளி உட்கார்ந்தது.

ஒரு கோடு. அவ்வளவுதான். மூலை தப்பித்தது, நான் தோற்றேன்.

அந்த வாலிபர் தங்கமான பிள்ளை. "குளிர் ஆன்ட்டி, அடுத்த ஆட்டத்துக்கு ஹீட்டர் பக்கத்தில் உட்காருங்கள்" என்றார். நானும் ஆமாம் குளிர் என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவரிடமும் குளிர் குளிர் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். குளிர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் அப்பாவுக்கு நடுக்குவாதம். டாக்டர்கள் பார்க்கின்சன் என்பார்கள். பாளையங்கோட்டையில் தனியாக இருந்தவரை, முடியாமல் போனபிறகு இங்கே கூட்டி வந்தோம். கடைசி வரைக்கும் எங்கள் முன்னறையில்தான் கிடந்தார். நற்கருணைக் கிண்ணத்தைத் தன் கையால் பிடித்துக் குடிக்க முடியாமல் போன அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். இவர்தான் லீவு போட்டு, பெர்மிஷன் கேட்டு, மாமனாரைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், திருப்பிப் படுக்க வைத்தார். பெற்ற பிள்ளைகூட அப்படிப் பார்க்காது. அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "இது மட்டும் நமக்கு வரக்கூடாதுட்டி. வேற எது வேணும்னாலும் வரட்டும்" என்றார். வேறு எதற்கும் பயப்பட்டு அவரை நான் பார்த்ததில்லை.

அதனால்தான் என் கையைப் பற்றி நான் அவரிடம் மூச்சு விடவில்லை.

அப்பாவைப் பார்த்த டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "வேலை செய்யும்போது கை ஆடினால் அது பெரும்பாலும் வேறு ஏதாவது. பயம், தைராய்டு, ஆயிரம் இருக்கு. சும்மா கிடக்கும்போது ஆடி, ஒரு பொருளை எடுக்கப் போனால் நிற்கிறது பாருங்கள், அப்போதுதான் இந்த நோயா என்று பார்க்க வேண்டும்." எனக்கு அது மனப்பாடம். அதன்படி பார்த்தால் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பயம் வந்தவளிடம் போய் நியாயம் பேச முடியுமா? சும்மா இருக்கும்போதும் ஆடுகிறதோ என்று மெட்ரோவில் மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்துக்கொண்டே வருவேன். அப்படிப் பார்த்தால் எந்தக் கைதான் ஆடாது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கைரேகை பார்க்கிறேன் என்று நினைத்துத் தன் கையை நீட்டினாள்!

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெருமை உண்டு. காம்பஸ் இல்லாமல் போர்டில் வட்டம் போடுவேன். பிள்ளைகள் கைதட்டும். அந்த வருஷம் முழுக்க, வகுப்பு தொடங்கும் முன்னால் காலி அறையில் ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பேன். நன்றாக வந்தால் அன்றைக்கு இட்லி தொண்டையில் இறங்கும். கொஞ்சம் கோணினால் போச்சு, நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குத் திட்டுதான். டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடந்து பார்ப்பேன். நீட்டிய கை மேல் காகிதத்தை வைத்துப் பார்ப்பேன். இவர் காலடிச் சத்தம் கேட்டால் காகிதத்தைக் கசக்கிவிட்டு அடுப்பைத் துடைக்கிறவள் மாதிரி நிற்பேன்.

வாய் சும்மா இருக்குமா? பயத்தையெல்லாம் எரிச்சலாக்கி அவர் தலையிலேயே கொட்டினேன். ஒருநாள் சாம்பாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலையும் புழுங்கலரிசியும் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் மாடிப்படியிலேயே கருகல் நாற்றம். இவர் அடுக்களை வாசலில் உட்கார்ந்து போனில் கோ புதிர் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"மூக்க எங்க வச்சிட்டு உக்காந்திருக்கிய?"

"ஒரு வாசனையும் வரலையே" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர் பிளாக்கில் ஜன்னல் திறந்தது.

நவம்பரில் அடுத்த போட்டி என்றார்கள். குளிர் இன்னும் இறங்காத நாட்கள், சாக்குச் சொல்ல முடியாது. நான் மனசுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். இந்தத் தடவையும் கை நடுங்கினால் திங்கட்கிழமை டாக்டரிடம் போவது, இவரிடமும் சொல்லிவிடுவது. நடுங்காவிட்டால் இந்தப் பேயை இத்தோடு தலைமுழுகுவது. ஏதோ ஆண்டவரோடு ஒப்பந்தம் போட்ட மாதிரி.

போட்டியன்று காலையில் நான் எலுமிச்சம்பழச் சாதம் கட்டி, செருப்பு மாட்டி, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இவர் இன்னும் சட்டைப் பித்தானோடு போராடிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நாளாகவே இந்தக் கூத்து. "ஜல்தி, ஜல்தி! பொண்ணு பாக்கவா போறிய?" என்று நானே போட்டுவிட்டேன். நான் பித்தான் போடும்போது அவர் சின்னப் பிள்ளை மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

முதல் ஆட்டத்தில் கை லேசாக ஆடியது. ஜெயித்தேன், ஆனால் அது மனசில் ஒட்டவில்லை. ஆடிற்று என்பதுதான் ஒட்டியது. இரண்டாவதில் கல் வைக்கும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எதிரே இருந்த பெண் ஏதோ ஜப்பானிய முறை என்று நினைத்து மரியாதையாகப் பார்த்தாள். தோற்றேன். கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, ஏசுவே, அப்பாவோட கை எனக்கு வேண்டாம் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன்.

திரும்பி வந்தால் மூன்றாவது சுற்றில் எனக்கு எதிராளி என் வீட்டுக்காரர். புருஷன் பெண்டாட்டியை எதிரெதிரே உட்கார வைக்க மாட்டார்கள். அன்றைக்கு ஆள் குறைவு, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி. வேறு வழியில்லை என்று அந்தக் கறார்ப் பெண் கையை விரித்தாள்.

"சோறு போடுறவளாச்சேன்னு எல்லாம் பாக்க மாட்டேன்ட்டி" என்றார் இவர், நாற்காலியை இழுத்துக்கொண்டே.

"ஜெயிச்சுத்தான் பாருங்களேன். ராத்திரிக்குக் கஞ்சிதான்."

கடிகாரத்தைத் தட்டியாயிற்று. ஹால் நிசப்தமாகிவிட்டது.

இத்தனை நாள் ஆடியிருக்கிறோம், ஒருநாளும் இப்படி ஆடியதில்லை. டி.வி. இல்லை, குழம்பு இல்லை, பேச்சு இல்லை. ஒரு சின்ன மேஜை, எதிரே இவர். பழகிய ஆள் என்பதாலோ என்னவோ எனக்கு ஆட்டம் சரளமாக வந்தது. இவர் எங்கே வைப்பார், எங்கே பேராசைப்படுவார் எல்லாம் அத்துப்படி. பலகை பாதி நிறைந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. என் கை! கல்லை எடுக்கிறேன், வைக்கிறேன், தட்டுகிறேன், ஒரு சின்ன அசைவுகூட இல்லை. எவ்வளவு நேரமாக இப்படி? வேண்டுமென்றே அடுத்த கல்லை மெதுவாகக் கொண்டுபோய் வைத்தேன். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மனசு துள்ளியது. வெறும் பயம்! அந்நியர் முன்னால் வருகிற வெறும் பயம்! ஒரு வருஷமாக என்னைப் பிடித்து ஆட்டியது இவ்வளவுதானா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியில் சாய்ந்து நன்றாக மூச்சு விட்டேன்.

அவர் கல்லை வைத்துக் கடிகாரத்தைத் தட்டினார். என் முறை. இரண்டு பேருக்கும் கையிருப்பு நேரம் தீர்ந்து, அரை நிமிஷக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தோம். எங்கே வைக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். வைத்தால் நடுப்பகுதி முழுக்க என்னுடையது.

அவர் கை மேஜைக்குத் திரும்பியது. கிண்ணத்துக்கு வெளியே, சட்டப்படி. விரல் உருட்ட ஆரம்பித்தது.

இங்கேயுமா என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. வீடாக இருந்தால் வாயைத் திறந்திருப்பேன். நான் வாயைத் திறந்தால் கண் மூடிக்கொள்ளும், அதுதான் என் லட்சணம். ஹாலில் பேசக்கூடாது. பேச முடியாததால் பார்த்தேன். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஏறி இறங்கியது. ஒரே தாளம். அவர் கையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னமோ தோன்றி, பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினார். விரல் நின்றது. சுத்தமாக நின்றது. குடித்தார், வைத்தார். கை மேஜையில் படுத்தது. ஒரு நொடி சும்மா கிடந்தது. மறுபடி ஆரம்பித்தது.

சும்மா கிடக்கும்போது ஆடி, ஒரு பொருளை எடுக்கப் போனால் நிற்கிறது பாருங்கள்.

கருகின சாம்பார். ஒரு வாசனையும் வரலையே. காலையில் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்ற முகம். அப்பாவுக்கும் முதலில் வாசனைதான் போயிற்று, அப்புறம் பித்தான் போட வராமல் போயிற்று. ஜெபத்தில் மடியில் கிடந்த கை. கண் இருந்து எனக்கு என்ன புண்ணியம்? ஒரு வருஷமாக ஊரிலுள்ள கையையெல்லாம் விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பாவின் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் நான். இவர் கோ ஆடாதவராக இருந்திருந்தால் முதல் வாரமே எனக்குத் தெரிந்திருக்கும். கல் உருட்டுகிறார், கல் உருட்டுகிறார் என்று சொல்லிச் சொல்லியே எல்லாருமாகச் சேர்ந்து மறைத்துவிட்டோம்.

கடிகாரம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. என் காதில் விழுந்தது. கல்கூட என் விரலில் இருந்தது. வைக்கத் தோன்றவில்லை. அது நீளமாக ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

இவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, நேரம் போச்சே! ஜெயிக்கிற ஆட்டத்த விட்டுட்டு என்னத்த பாத்துகிட்டிருந்த?" என்றார்.

"கையக் குடுங்க" என்றேன்.

ஆட்டம் முடிந்தால் தோற்றவர் கை கொடுப்பது அங்கே வழக்கம். இவர் அப்படித்தான் நினைத்தார். கலியாணமான நாளிலிருந்து நாங்கள் கை குலுக்கியதில்லை, அதனால் வெட்கத்தோடு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். குலுக்கவில்லை. பலகையின் மேல், கற்களுக்கு மேலே, அந்தக் கையை என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

"விடுட்டி, எல்லாரும் பாக்குறாங்க."

"கொஞ்ச நேரம் சும்மா வச்சிருங்க. ஒண்ணும் செய்யாம வச்சிருங்க."

சும்மா வைத்திருந்தார். கை கதகதப்பாக, அசையாமல் இருந்தது. ஒன்றுமில்லையோ, நான்தான் பைத்தியக்காரியோ என்றுகூட நினைத்தேன். பிறகு என் உள்ளங்கைக்குள் அவர் கட்டைவிரல் மெல்ல உருட்ட ஆரம்பித்தது. நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் கை நடுங்கவே இல்லை.